பி.எட். பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குலசேகரம் பக்கம் ஒரு பள்ளியில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பயிற்சி மாணவியின் வகுப்பைப் பார்த்தேன். நான் அந்த வயதில் செய்த அதே தவறை அவளும் செய்தாள், அதைத்தான் முதலில் சொல்கிறேன். பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவது, எழுத்து சிறிதாக இருப்பது எல்லாம் பத்து நாளில் தானாகச் சரியாகிவிடும். அதை விடுங்கள்.

எழுதி வைத்த விடைக்காகக் காத்திருப்பது

எட்டாம் வகுப்பு, அமிலங்கள். "அமிலத்தை எங்கெல்லாம் பார்த்திருக்கீங்க?" என்று கேட்டாள். பாடக்குறிப்பில் அவள் எழுதி வைத்திருந்த விடை எலுமிச்சை, தயிர், புளி. ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், எங்க அப்பா ரப்பர் பால் உறையதுக்கு ஆசிட் ஊத்துவாரு."

"அது இல்ல, சாப்பிடுற பொருள் சொல்லு."

உட்கார்ந்துவிட்டான். மணி அடிக்கும்வரை அவன் கை மேலே வரவில்லை.

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை அவன். பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு, கட்டியானதும் ரோலரில் கொடுத்து ஷீட் ஆக்குவது வரை கண்ணால் பார்த்தவன். அதற்குப் பெரும்பாலும் பயன்படுத்துவது ஃபார்மிக் அமிலம். எறும்பில் இருப்பதும் அதுதான் என்று பத்து நிமிடம் கழித்து அவளே பலகையில் எழுதினாள். பாடம் தானாகத் தேடி வந்து நின்றது, திருப்பி அனுப்பிவிட்டாள்.

நானும் அனுப்பியிருக்கிறேன். குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பள்ளியில் காற்று பற்றிய பாடம். ஒரு பையன் கச்சான், கொண்டல் என்று சொல்லத் தொடங்கியதும், "புத்தகத்துல உள்ளத சொல்லு" என்றேன். எந்தத் திசைக் காற்றுக்கு எந்தப் பெயர் என்று வீட்டிலேயே கற்றுக்கொண்ட பிள்ளையிடம்.

பள்ளிக்கு வேண்டியது புத்தகச் சொல் மட்டும்தான் என்று பிள்ளை ஒருமுறை முடிவு செய்துவிட்டால், அதை மாற்றுவது லேசு இல்லை. நமக்கும் அப்படித்தான், பயிற்சியில் படிந்த பழக்கம் வேலை கிடைத்த பிறகும் கூடவே வரும்.

என்ன செய்யலாம்? பாடக்குறிப்பில் 'எதிர்பார்க்கும் விடை' கட்டத்தில் பாதியைக் காலியாக விடுங்கள். எதிர்பாராத பதில் வந்தால் சரி, தவறு என்று சொல்லும் முன் இன்னொரு கேள்வி கேளுங்கள்: "ஊத்தினா என்ன ஆகும்?" அவன் சொல்லும் சொல்லை முதலில் பலகையில் எழுதுங்கள். கலைச்சொல் அப்புறம், அதன் பக்கத்தில். பாடம் ஐந்து நிமிடம் நீண்டால் நீளட்டும். மதிப்பெண் போட வருகிற எங்களைப் போன்றவர்களுக்காக அவசரப்பட வேண்டாம்.

வீட்டுச் சொல்லைத் திருத்துவது

மரச்சீனி என்று சொன்னால் மரவள்ளி என்று திருத்தாதீர்கள். இரண்டையும் எழுதுங்கள்.

சீனியரின் ரெக்கார்டைப் (பயிற்சிப் பதிவேட்டை) பார்த்து எழுதுவது

வேண்டாம்.

டெட் (ஆசிரியர் தகுதித்) தேர்வைக் கடைசிக்குத் தள்ளுவது

150 மதிப்பெண்ணில் 30 குழந்தை வளர்ச்சிக்கும் கற்பித்தல் முறைக்கும். முதல் ஆண்டிலேயே படிக்கிற பாடம்தான், அப்போதே குறிப்பெடுங்கள்.

வகுப்பாசிரியரிடம் பேசாமல் இருப்பது

2015-இல் பி.எட். இரண்டு ஆண்டானபோது பள்ளியில் இருக்கும் நாட்களும் கூடின. அந்த நாட்களை வகுப்பாசிரியரோடு உட்காரப் பயன்படுத்துங்கள். எந்தப் பிள்ளை விடியும் முன்பே அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விட்டு வருகிறது, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.