சம்பளம் வந்த அன்றே எடுத்து வையுங்கள்

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. அம்மா உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து அதில் போட்டுவிடுவார்கள். மாதக் கடைசியில் அரிசி குறைந்த நாளிலும் போடுவார்கள், பிடி மட்டும் கொஞ்சம் சின்னதாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை துணிப்பையில் கொட்டிக் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, கொண்டுபோவோம். தெற்கத்திச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குக் கைப்பிடி அரிசிக் காணிக்கையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மிசோரம் சபைகளிலும் 1910 முதல் பெண்கள் இப்படித்தான் எடுத்து வைக்கிறார்கள், ஊழியத்துக்குப் பெரும் பணம் அந்த அரிசியிலிருந்தே வருகிறது.

கொடுக்கப் பழகணும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். செலவு போக மிச்சத்தில் கொடுக்கலாம் என்று இருந்தால் மிச்சம் இருக்கவே இருக்காது. வாரத்தின் முதல் நாளிலேயே அவரவர் வரவுக்குத் தக்கபடி சேர்த்து வையுங்கள் என்றுதான் பைபிளில் பவுலும் எழுதினார் (1 கொரிந்தியர் 16:2). சம்பளம் வந்த அன்றே ஒரு கவரில் எடுத்து வைத்துவிடுங்கள். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, இப்போதைக்கு முடியாதா, நூறு ரூபாயில் ஆரம்பியுங்கள். கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம், இல்லாததைத் தேவன் கேட்பதில்லை. அந்தக் கவரில் ஒரு பங்கைச் சபைக்குப் போடாமல் கையிலேயே வைத்திருங்கள். பக்கத்து வீட்டில் ராத்திரி திடீரென்று ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது யோசிக்காமல் எடுத்துக் கொடுக்க அதுதான் உதவும்.

அப்புறம், நம்மில் பலர் மறக்கிற ஒன்று. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒன்றாம் தேதியே சம்பளம் கொடுங்கள், காய்ச்சலில் படுத்த நாளுக்குப் பிடிக்காதீர்கள். கீரைக்கார அம்மாவிடம் அஞ்சு ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் ஐந்நூறு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுக்குக் கொடுப்பது தர்மம்கூட இல்லை, அவர்களுடைய பணம்.

துணி கொடுப்பதானால் துவைத்து, அறுந்த பட்டனைத் தைத்து, தேய்த்துக் கொடுங்கள். என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ஐந்து கிலோ அரிசி கொண்டுபோன வீட்டில் ரேஷன் அரிசி மூட்டையாக இருந்தது, அந்தப் பாட்டிக்குத் தேவைப்பட்டது சர்க்கரை மாத்திரை. அன்றைக்கு முழுக்க எனக்கு மனசே சரியில்லை. கொடுக்கும்போது போட்டோ வேண்டாம். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று ஆண்டவர் சொல்லியிருக்கும்போது வாட்ஸ்அப் குரூப்புக்கு மட்டும் எதற்குத் தெரிய வேண்டும்? ஜெபத்துக்கு வந்தால்தான் தருவேன் என்ற நிபந்தனையும் வேண்டாம்.

கைமாற்று கேட்டு வந்தால், திரும்பி வராது என்று நினைத்து, தாங்க முடிந்த அளவுக்கு மட்டும் கொடுங்கள். வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் அந்த மனுஷரைக் கோயிலில் பார்த்து முகத்தைத் திருப்ப வேண்டியிருக்காது.

கவர் காலியான மாதமும் வரும். அப்போது ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒருவருக்கு ஒரு ராத்திரி துணைக்கு இருந்து, பத்து நாளாகத் தூங்காத அவர் மனைவியை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.