மெட்ராஸ் சுவாமி வெள்ளி கைக்கு வந்தால்

வெள்ளைக்காரர் காலத்தில் மெட்ராஸில் சாமி உருவங்கள் புடைக்கச் செய்த வெள்ளிப் பாத்திரங்களைத்தான் சுவாமி வெள்ளி என்பார்கள். அப்படி ஒரு பழைய டீபாட் கிடைத்தால் எல்லோரும் உடனே கவிழ்த்து முத்திரை தேடுவார்கள். நான் மூடியைத் திறந்து உள்ளே விரல் விட்டுத் தடவுவேன். வெளியே சாமி புடைத்திருக்கும் இடத்தில் உள்ளே பள்ளம் தட்டுப்பட்டால் அது தகட்டை அடித்து எழுப்பிய வேலை. முதலில் உள்ளிருந்து தட்டிப் புடைக்க வைப்பார்கள். அப்புறம் அரக்கை ஊற்றி நிரப்பிவிட்டு, வெளியிலிருந்து சிற்றுளியால் கண், மூக்கு, நகை எல்லாம் எடுப்பார்கள். உள்சுவர் வழவழப்பாக இருந்தால் உருவங்களைத் தனியே செய்து பற்றவைத்திருக்கலாம். அதனால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் என் மனசு அடித்த வேலையிடம்தான்.

சரி, இப்போது கவிழ்க்கலாம். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons) கடையின் பெயர் இருந்தால் நல்ல அடையாளம். சிங்கம் போட்ட இங்கிலாந்து முத்திரையை எதிர்பார்க்காதீர்கள். வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் அரசு அமைப்பு அன்று இங்கே கிடையாது. தட்டார்கள் ரூபாய்க் காசையே உருக்கி வேலை செய்ததும் உண்டு. அந்தக் காசு 11.66 கிராம் எடை, பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. ஆனால் ஈ.பி.என்.எஸ். (EPNS) என்ற எழுத்துகள் இருந்தால் அது வெறும் வெள்ளி முலாம். உள்ளே இருப்பது ஜெர்மன் சில்வர் என்ற செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, அதில் வெள்ளியே இல்லை.

உருவங்களுக்கு நேரம் கொடுங்கள். பாத்திரத்தின் வடிவம் வெள்ளைக்காரர் தேநீர் மேசைக்கானது, மேலே இருப்பதோ நம் கோயில் மாடமும் சாமிகளும். 1875-76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன பரிசுகளை இங்கிலாந்தில் காட்சிக்கு வைத்தார்கள்; இப்படிப்பட்ட வேலைக்கு அங்கே ஆசை இருந்தது. அடியில் கடைக்காரர் பெயர் இருக்கும், உளி பிடித்தவர் பெயர் இருக்காது. எந்தச் சாமிக்கு எந்த வாகனம், கையில் என்ன ஆயுதம், உடை மடிப்பு எப்படி விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்தத் தட்டாரைப் பற்றி நமக்கு மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்.

இடுக்குகளில் படிந்த கறுப்பு நிறத்தை எடுக்கவே கூடாது. அது போனால் உருவம் தட்டையாகத் தெரியும். விபூதி, பல்பொடி, புளி எதுவும் வேண்டாம். மிதமான சோப்புத் தண்ணீரில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்து மேடுகளை மட்டும் துடைத்து, உடனே ஈரம் போக்குங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் விசாரியுங்கள். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நாமாக வெளியே அனுப்ப முடியாது.