முப்பது சதப் பங்கைக் கெட்ட காலத்தில் வைத்திருக்கும் முறை: வன்னியிலிருந்து ஒரு செய்முறை

2022 மார்ச் கடைசியில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிற்கும் என்று அறிவித்த நேரம், என் பெயரில் ஒன்றரை இலட்சம் பங்குகள் கிடந்தன. எல்லாம் ஒரே கொம்பனி. 2021இல் சந்தை ஏறிக்கொண்டிருந்தபோது, சீட்டெடுத்த காசில் 60 சதப்படி வாங்கியவை. கட்டணங்களோடு 91,008 ரூபா போனது. ஏப்ரல் பிறக்கும்போது அதே பங்கு 30 சதம்.

அந்தப் பங்குகளோடு பிறகு பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் முதலீட்டு ஆலோசகர் இல்லை. பரந்தன் பக்கம் ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். எதை வாங்கலாம் என்று சொல்ல மாட்டேன், கொம்பனியின் பெயரும் எழுத மாட்டேன். ஏற்கெனவே கையில் சதப் பங்கு, அதாவது ஒரு ரூபாவுக்கும் கீழே விலைபோகிற பங்கு, வைத்துக்கொண்டு, விற்பதா விடுவதா என்று நித்திரை வராமல் கிடப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. சிடிஎஸ் கணக்கு (நம் பங்குகள் பதிவாகிக் கிடக்கும் கணக்கு) திறப்பது, தரகரைப் பிடிப்பது எல்லாம் கொழும்பு பங்குச் சந்தையின் போன் செயலியிலேயே முடியும். அதற்குள் நான் போகவில்லை.

படி 1: பத்துச் சதத்தின் பாரத்தைக் கணக்குப் பாருங்கள்

கொழும்புச் சந்தையில் விலை பத்துப் பத்துச் சதமாகத்தான் நகரும். 200 ரூபாப் பங்குக்கு அது தூசு. 30 சதப் பங்குக்கு அது மூன்றில் ஒரு பங்கு. 30இலிருந்து ஒரு படி இறங்கினால் 20, இடையில் 29ஓ 27ஓ கிடையாது. "கொஞ்சம் இறங்கினால் வித்திடுவன்" என்று நினைத்திருந்தால், அந்தக் கொஞ்சம் என்பதே 33 வீதம்.

இதற்கு மேல் கட்டணம். தரகு, சந்தைக் கட்டணம், சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவின் வரி, அரச வரி எல்லாம் சேர்த்து வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது இன்னொரு 1.12 வீதம். ஒரு இலட்சம் பங்கை 30 சதத்துக்கு வாங்கினால் 30,336 ரூபா. அதே 30 சதத்துக்கு விற்றால் கைக்கு வருவது 29,664. விலை அசையாமலே 672 ரூபா போய்விட்டது. 40 சதத்துக்கு விற்றால் 39,552. 20 சதத்துக்கு என்றால் 19,776. இந்த மூன்று தொகையையும் உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்றபடி போட்டுப் பாருங்கள். என் சீ.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தில் இந்த அட்டவணைதான் இருக்கிறது. எக்செல் எனக்குத் தெரியும், ஆலையில் நாள் முழுக்க அதில்தான் வேலை. ஆனாலும் பங்குக்குக் கொப்பிதான் நல்லது. போன மாதம் எழுதியதை அழித்துவிட்டு வேறு கதை சொல்ல அதில் இடமில்லை.

படி 2: ஏன் வைத்திருக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள்

"ஏறும்" என்று எழுதக் கூடாது. "கொம்பனி கடனை அடைக்கிறது, இரண்டு காலாண்டாகத் தொழிலிலிருந்து காசு வருகிறது" என்று, அடுத்த அறிக்கையில் சரி பார்க்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். அதன் கீழேயே, எது நடந்தால் விற்பேன் என்று இன்னொரு வரி. நான் வாங்கிய அன்று இந்த இரண்டு வரியையும் எழுதவில்லை. அத்தான் சொன்னார், வாங்கினேன். 30 சதத்துக்கு வந்தபோது என்னிடம் காரணமே இருக்கவில்லை. காரணம் இல்லாதவருக்கு விற்கவும் தெரியாது, வைத்திருக்கவும் தெரியாது.

இறங்க இறங்க வாங்கிச் சராசரியைக் குறைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். இலாபம் உழைக்கிற பெரிய கொம்பனிக்கு அது பொருந்தலாம். சதப் பங்குக்கு வேண்டவே வேண்டாம். நகையை அடைவு வைத்தோ, தரகர் தருகிற கடனிலோ வாங்குவது அதைவிட மோசம். வாங்கி இரண்டு வேலை நாளில் காசு கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் உங்கள் பங்கை அவர்களே விற்றுவிடுவார்கள், அதுவும் ஆகக் கெட்ட விலையில்.

படி 3: நான்கு திகதிகளைச் சுவரில் எழுதுங்கள்

பட்டியலிட்ட கொம்பனிகள் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் கணக்கைக் காட்ட வேண்டும், கடைசிக் காலாண்டுக்கு மட்டும் இரண்டு மாதம். மார்ச்சில் ஆண்டு முடிகிற கொம்பனி என்றால் ஓகஸ்ட் நடு, நவம்பர் நடு, பெப்ரவரி நடு, மே கடைசி. ஆண்டறிக்கைக்கு ஐந்து மாதம், அதாவது ஓகஸ்ட் கடைசி. எங்களுக்கு பெப்ரவரி நடு என்பது காலபோக அறுவடை நேரம், ஆலையில் மூச்சுவிட நேரமில்லை. அதனால்தான் சுவரில் எழுதச் சொல்கிறேன்.

அறிக்கை சந்தையின் இணையத்தளத்தில் பிடிஎஃப் ஆக வரும். அதை நான் பின்னாலிருந்துதான் பார்ப்பேன். கடைசிப் பக்கங்களில் முதல் இருபது பங்குதாரர்களின் பெயரும், அவர்கள் வைத்திருக்கும் எண்ணிக்கையும் இருக்கும். போன காலாண்டுப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். வட்ஸ்அப் குழுவில் "இந்தக் கிழமை பறக்கும்" என்று செய்தி ஓடிய அதே மூன்று மாதத்தில் பெரிய ஆட்கள் விற்றுவிட்டு வெளியேறியிருப்பதை நான் இரண்டு தடவை இந்தப் பட்டியலில்தான் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு எந்தக் குழுவிலும் நான் இல்லை. எழுதத் தெரிந்த யாரும் செய்தி எழுதலாம், இந்தப் பட்டியலை அப்படி எழுத முடியாது.

அடுத்தது காசுப் பாய்ச்சல் கூற்று. இலாபம் காட்டியும் தொழிலிலிருந்து காசு வராத கொம்பனி என்றால் கவனம். மூன்றாவது, ஆண்டறிக்கையில் கணக்காய்வாளரின் கடிதம். கொம்பனி தொடர்ந்து இயங்குமா என்பதில் பாரிய ஐயம் இருக்கிறது என்று அவர் எழுதியிருந்தால், அந்த ஒரு பந்தியே போதும். மற்ற நூறு பக்கத்தையும் மூடி வைக்கலாம். கணக்குக் காட்டத் தவறுகிற, கணக்காய்வாளர் குறை சொல்கிற கொம்பனிகளைச் சந்தை கண்காணிப்புப் பட்டியலில் போடும். அதிலிருந்து அடுத்த படி வர்த்தக இடைநிறுத்தம். பங்கு உங்கள் பெயரில் இருக்கும், ஆனால் விற்க முடியாது.

கொம்பனி விழுந்தால் பங்குதாரர் வரிசையின் கடைசி ஆள் என்பதையும் மறக்க வேண்டாம். 2020 மே மாதம் த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது, வைப்பாளர்களுக்கு 6 இலட்சம் வரை காப்புறுதி இருந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு அப்படி எந்தக் காப்பும் இல்லை.

படி 4: வரிசையில் கானை வைத்துவிட்டு வாருங்கள்

என்னைக் கிழமைக்கணக்கில் அலைக்கழித்த இடம் இதுதான், அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட மாட்டோம் என்று அரசு அறிவித்தது. 18ஆம் திகதி தொடங்கி அந்தக் கிழமை முழுக்கச் சந்தையை மூடி வைத்தார்கள். 25ஆம் திகதி திறந்தார்கள், சந்தையின் 20 பெரிய கொம்பனிகளின் விலையைச் சேர்த்துக் காட்டும் எஸ் அன்ட் பி எஸ்எல் 20 சுட்டெண் 10 வீதத்துக்கு மேல் விழுந்தது, அன்றைய வர்த்தகத்தையே நிறுத்திவிட்டார்கள். அந்தச் சுட்டெண் 5 வீதம் விழுந்தால் அரை மணித்தியாலம் நிற்கும், 10 வீதம் என்றால் அன்று முடிவு. அப்படியான நாளில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. செய்ய வேண்டியதை அதற்கு முன்பே செய்து வைத்திருக்க வேண்டும்.

பிறகு விலை 30க்கும் 40க்கும் இடையில் ஆடத் தொடங்கியது. ஒரு இலட்சம் பங்கை 40 சதத்துக்கு விற்பதென்று முடிவெடுத்தேன். காலையில் சந்தை திறக்கும். எங்கள் பக்கம் கரண்ட் போனால் சற்று நேரத்தில் கோபுரத்தின் பற்றரியும் போய்விடும், சிக்னல் வரப் பதினொரு மணியாகும். வந்தவுடன் பங்கு வாங்கி விற்கும் செயலியான ஏட்ரேட்டைத் திறந்து ஓடர் போடுவேன். 40 சதத்தில் எனக்கு முன்னால் 60 இலட்சத்துக்கு மேல் பங்குகள் நிற்கும். அன்றைக்கு அந்த விலையில் பத்து, பன்னிரண்டு இலட்சம் கைமாறும். சந்தை மூடும், எனது ஓடர் அப்படியே இருக்கும். அடுத்த நாள் திறந்தால் ஓடரே இருக்காது. திரும்பப் போடுவேன். திரும்பவும் முன்னால் 60 இலட்சம். ஒன்பது வேலை நாள் இப்படியே போனது. விலை 40ஐத் தொடுகிறது, ஆட்கள் விற்கிறார்கள், எனக்கு மட்டும் விற்குதில்லை.

கடைசியில் தரகு அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். அங்கே இருந்த அக்கா என் ஓடர்களைப் பார்த்துவிட்டுச் சொன்னா: "தங்கச்சி, மண்ணெண்ணெய் வரிசையில பின்னேரம் வரைக்கும் நிண்டுட்டு கானையும் தூக்கிக்கொண்டு வீட்ட போறீங்கள். விடிய வந்து கடைசியில நிக்கிறீங்கள். கானை வச்சிட்டுப் போகலாமே?"

அந்த நாட்களில் கிளிநொச்சியில் வரிசையில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஓடர் போடும் பெட்டியில் விலைக்கும் எண்ணிக்கைக்கும் பக்கத்தில் டிஐஎஃப் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு, ஓடர் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அதில்தான் சொல்ல வேண்டும். எனக்கு அதில் தானாகவே "டே" என்று விழுந்திருந்தது. அப்படி விட்டால் அந்த ஓடருக்கு ஆயுள் அன்று பின்னேரம் வரைதான். அதை "ஜிடிசி" என்று மாற்றினால், நீங்கள் இரத்துச் செய்யும்வரை நிற்கும். ஒரே விலையில் நிற்பவர்களில் முதலில் வந்தவருக்கே முதலில் விற்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் உங்களுக்கு முன்னால் உள்ளவர்கள் குறைவார்கள், உங்கள் இடம் முன்னுக்கு நகரும்.

ஜிடிசி போட்ட பிறகு கை வைக்காதீர்கள். எண்ணிக்கையைக் கூட்டினாலோ விலையை மாற்றினாலோ இடம் போய்விடும், திரும்பக் கடைசிதான். குறைப்பதென்றால் பரவாயில்லை. ஒரு திங்கட்கிழமை போட்டேன், ஏழாவது வேலை நாள் ஆலையில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு இலட்சமும் விற்றுவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. கைக்கு வந்தது 39,552 ரூபா. நட்டம்தான். ஆனால் நான் எழுதிவைத்த விலையில், நான் எடுத்த முடிவில் வந்த நட்டம்.

படி 5: வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு

"விக்காட்டி நட்டம் இல்லை" என்று சொல்லாத ஆளில்லை. 2022 பிற்பகுதியில் அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது, வங்கிகள் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்தன. பங்கிலாபம் ஒரு சதமும் தராத பங்கில் தூங்கும் காசு, அந்த வட்டியை ஒவ்வொரு நாளும் இழக்கிறது. அந்தச் செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம், ஆகவே வைப்பில் போட்டவர்களும் தப்பவில்லை என்பது உண்மை. இருந்தாலும் காலாண்டுக்கு ஒரு தடவை "இந்தக் காசு இன்றைக்குக் கையில் இருந்தால் இதே பங்கை வாங்குவேனா?" என்று கேட்டு, பதிலைக் கொப்பியில் எழுதுங்கள். நான் விற்ற 39,552 ரூபாவும் வைப்புக்குப் போனது. அடுத்த சிறுபோகத்துக்கு அம்மாவின் வயலுக்கு அதுதான் உதவியது.

பின்சேர்க்கை 1: சில தரகர்களின் செயலியில் ஜிடிசி தெரிவு காட்டவில்லை என்று ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். திகதி குறித்து நிற்கும் ஓடர், அதாவது ஜிடிடி, இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் தரகருக்குப் போன் எடுத்து அவர்களைக் கொண்டே போடுவியுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தடவை ஓடர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் நல்லது.

பின்சேர்க்கை 2: வவுனியாவிலிருந்து ஒரு அக்காவுக்கு நடந்தது இது. கொம்பனி உரிமைப் பங்கு வழங்கியது, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குப் புதிய பங்கு வாங்கும் உரிமையைக் கொடுத்தது, கடிதம் பழைய விலாசத்துக்குப் போனது. இடம்பெயர்ந்து திரும்பிய எங்களில் எத்தனை பேருக்கு இரண்டு மூன்று விலாசம்! அவவுக்குத் தெரியவரும்போது திகதி முடிந்துவிட்டது. உரிமையை எடுக்க விருப்பமில்லை என்றாலும், அதைச் சந்தையில் தனியாக விற்கலாம், அதற்குச் சில நாட்கள்தான் தருவார்கள். பேசாமல் விட்டால் அந்தக் காசும் இல்லை, கொம்பனியில் உங்கள் பங்கின் அளவும் சிறுத்துவிடும். தரகரிடம் சொல்லி சிடிஎஸ் கணக்கில் விலாசம், ஈமெயில், போன் நம்பர் மூன்றையும் இந்தக் கிழமையே சரிசெய்யுங்கள். பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டை எண்ணில் கணக்குத் திறந்து, பிறகு பன்னிரண்டு இலக்க அட்டைக்கு மாறியவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் ஒரு எண்ணும் இங்கே வேறு எண்ணுமாக இருந்ததால் பங்கிலாபம் திரும்பிப் போன ஒருவரும் எழுதியிருந்தார்.

பின்சேர்க்கை 3: மிச்சம் 50,000 பங்கை என்ன செய்தீர்கள் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். இன்னும் வைத்திருக்கிறேன். 2025இல் சந்தையின் எல்லாப் பங்குகளையும் சேர்த்த மொத்தச் சுட்டெண் 20,000ஐத் தாண்டியபோதும் இந்தப் பங்கு 60 சதத்தைத் தொடவில்லை. ஆனால் கடைசி நான்கு அறிக்கையிலும் கடன் குறைந்துகொண்டு வருகிறது, இருபது பேர் பட்டியலில் முதல் ஐந்து பேரும் அசையவில்லை. கொப்பியில் விற்கும் வரி இப்படி இருக்கிறது: "கடன் திரும்பக் கூடினாலோ முதல் மூவரில் ஒருவர் வெளியேறினாலோ, அன்றைக்கே ஜிடிசி." அடுத்த அறிக்கை பெப்ரவரி நடுவில். சுவரில் எழுதியாயிற்று.