காஸை விட்டு விறகுக்குப் போகுமுன் புகைக்கூட்டைப் பாருங்கள்

காஸ் விலை ஏறும்போதெல்லாம் கிளிநொச்சிப் பக்கம் எனக்கு வேலை கூடும். "அண்ணை, குசினியில பழையபடி விறகடுப்புக் கட்டித் தாங்கோ" என்பார்கள். அடுப்புக் கட்டுவது பெரிய வேலையில்லை, புற்றுமண்ணும் கல்லும் போதும். புகைக்கூட்டைச் சரிபார்க்கத்தான் நேரம் பிடிக்கும். அதற்குக் கூலி தரத்தான் மனம் வராது.

காஸ் பாவித்த காலத்தில் மழைத்தண்ணீர் இறங்குகிறதென்று மேல்வாயில் தகரத்தைப் போட்டுக் கல்லை வைத்திருப்பார்கள். உள்ளே அணில் கூடு, குளவிக்கூடு எல்லாம் இருக்கும். பட்டப்பகலில் அடுப்படியில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடியுங்கள். வளைவில்லாத புகைக்கூடென்றால் அதில் வானம் தெரியவேண்டும். தெரிந்தாலும் ஒரு காய்ந்த ஓலைத்துண்டைக் கொளுத்திப் பாருங்கள். புகை மேலே இழுபடாமல் முகத்துக்குத் திரும்பினால் எங்கேயோ அடைப்பு.

அடுத்தது கூரை. புகைக்கூட்டின் வெளிப்பக்கத்துக்கும் ஓடு தாங்கும் மரச்சட்டமான சிலாகைக்கும் இடையில் 2 அங்குலமாவது விடவேண்டும். சிலாகையைச் சுவரில் முட்டவைத்து ஓடு போட்ட வீடுகள் நிறைய. உள்ளே சீமெந்துப் பூச்சு வெடித்திருந்தால் அந்த வெடிப்பு வழியே சூடும் நெருப்புப்பொறியும் மரத்துக்குப் போகும். மேல்வாய் கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயரட்டும். கிடுகுக் கூரைக்கு நான் புகைக்கூடு கட்டிக் கொடுப்பதேயில்லை.

காஸ் அடுப்புக்கு மேல் பூட்டிய பிளாஸ்டிக் புகைக்குழாயை அப்படியே பாவிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். உருகி விழும், கழற்றுங்கள். கனடாவில் இருக்கிற மச்சானும் தன் காஸ் கணப்பில் விறகு எரிக்க ஆசைப்பட்டான். அங்கே காஸ் கணப்புக்குப் போடும் புகைக்குழாயின் உள்தகடு மெல்லிய அலுமினியம், விறகுச் சூட்டைத் தாங்காது. முழுக்க மாற்றவேண்டும் என்றேன். ஆள் பிறகு அந்தக் கதையையே எடுக்கவில்லை.

சிலிண்டரையும் அதே குசினியில் வைக்காதீர்கள். கசியும் காஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து வந்து அடுப்பில் பற்றும்.

பச்சை விறகும் ஈர விறகும் புகைக்கூட்டுக்கு எமன். அந்தப் புகை மேலே குளிர்ந்து தார்மாதிரிக் கறுப்பாகப் படியும், பிறகு அதுவே எரியும். பாலை விறகானாலும் பிளந்து, புரட்டாதிக்குள் காயவைத்து அடுக்கிவிடுங்கள், மாரி தொடங்கினால் காயாது. படிவு கால் அங்குலம் வருமுன் கயிற்றில் கல்லையும் சாக்கையும் கட்டி, மேலிருந்து விட்டு இழுத்துத் துடையுங்கள்.

புகைக்கூட்டுக்குள் குமுறல் கேட்டால் உள்ளே நெருப்புப் பிடித்துவிட்டது. முதலில் எல்லாரையும் வெளியே அனுப்பி உதவிக்குக் கூப்பிடுங்கள். கிட்டப் போக முடிந்தால் அடுப்பில் மணலைக் கொட்டி வாயைத் தகரத்தால் மூடலாம். புகைக்கூட்டுக்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடேறிய கல் வெடிக்கும். வெளியே நின்று கூரையைப் பாருங்கள். அணைந்த பிறகும், ஒரு மேசன் வெடிப்புப் பார்த்துப் பூசாமல் அதில் உலை வைக்காதீர்கள்.