வைரஸ் நோய்க்குப் பின் லேசர் ஒளி சிகிச்சை: தோட்டப்புறத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவிட், சிக்குன்குன்யா, டிங்கி, அக்கி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று வந்து போன பிறகும் சோர்வு, மூட்டுவலி, நரம்பு எரிச்சல், மறதி என்று மாதக்கணக்கில் அவதிப்படுவோர் மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களிலும் இருக்கிறார்கள். காலையில் விரல்கள் வீங்கி, ரப்பர் பால்வெட்டும் உளியைச் சுற்றி மடங்க மறுக்கும் நிலையில் இருப்பவரிடம் "லேசர் வைத்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பிக்கை பிறப்பது இயற்கையே. அந்த நம்பிக்கை பணத்தையும் உடம்பையும் சேர்த்து இழக்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, நோய் இன்னதென்று தெரிந்துகொள்ளாமலே சிகிச்சையைத் தொடங்குவது. மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதுவே ஆபத்தானது என்பது என் கருத்து. கோவிட் தொற்றி ஏறக்குறைய மூன்று மாதத்திற்குப் பிறகும் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகளையே கோவிட்டுக்குப் பிந்திய நிலை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. "வேறு நோயால் விளக்க முடியாத" என்ற நிபந்தனையைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். இரத்தசோகை, தைராய்டு கோளாறு, கட்டுப்பாட்டில் இல்லாத இனிப்பு நீர் (நீரிழிவு) ஆகிய மூன்றுமே அதே சோர்வைத் தரக்கூடியவை. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்து, மாலையில் காய்ச்சலடித்து, உடம்பும் இளைத்தால் காசநோய்ப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளி கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். அந்த ஒரு வெள்ளியைச் செலவிடாமல் நேரே லேசர் நிலையத்துக்குப் போவது முறையாகாது. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அக்கிக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது என்பதால், செங்காவி பூசிக் காத்திருப்பதும் லேசருக்கு நாள் பார்ப்பதும் அந்த நேரத்தை வீணாக்கிவிடும்.

ஒளி சிகிச்சை வெறும் கட்டுக்கதை என்று நான் சொல்லவில்லை. 1967-இல் ஹங்கேரிய மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மழிக்கப்பட்ட எலிகளின் தோலில் குறைந்த திறன் லேசரைப் பாய்ச்சியபோது முடி விரைவாக வளர்வதைக் கண்டார். சிவப்பொளியும் அதற்கு அடுத்த, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பொளியும் உயிரணுக்களின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் உறிஞ்சப்பட்டு, வலியையும் அழற்சியையும் குறைக்க உதவலாம் என்பதே இன்றைய விளக்கம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கு வரும் வாய்ப்புண்ணைத் தடுப்பதில் இதற்கு நல்ல சான்று உண்டு. கோவிட்டுக்குப் பிந்திய சோர்வுக்கும் மறதிக்கும் இதுவரை நடந்தவை பெரும்பாலும் சிறு ஆய்வுகளே. ஆகவே துணைச் சிகிச்சையாக முயலலாம் என்பதற்கு அப்பால் யாரும் வாக்குறுதி தர முடியாது. மூக்கில் செருகும் கருவியோ மணிக்கட்டில் கட்டும் கருவியோ "இரத்தத்தைச் சுத்தம் செய்யும்" என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். அந்த வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் செய்கின்றன.

அடுத்த தவறு, ஒளி கூடினால் பலனும் கூடும் என்று எண்ணுவது. இச்சிகிச்சையில் குறைந்த அளவு தூண்டும், மிகுந்த அளவு அந்தத் தூண்டலையே அடக்கிவிடும். இருபது நிமிடம் வைத்தால் இரட்டிப்பு நலம் என்று கேட்டுப் பெறுவது அதனால் பயனற்றது. கருவியிலுள்ள மஞ்சள் எச்சரிக்கை ஒட்டியில் அதன் அபாய வகுப்பு எழுதப்பட்டிருக்கும். 3பி வகுப்புக் கருவி 500 மில்லிவாட் வரை செல்லும், அதற்கு மேற்பட்டது 4-ஆம் வகுப்பு. இந்த இரண்டாவது வகை தோலைச் சுடக்கூடியது. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் மெலனின் என்ற நிறமி மிகுதி என்பதால் ஒளி மேல்தோலிலேயே கூடுதலாக உறிஞ்சப்பட்டு வெப்பம் ஏறும். வெளிர்நிறத் தோலுக்கு வகுத்த அளவை அப்படியே நமக்கு வைப்பது சரியல்ல என்பதைச் சிகிச்சையாளர் அறிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். பச்சை குத்திய இடத்திலும் இதே கவனம் தேவை. இனிப்பு நீரால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு ஏறுவதே தெரியாது. கொப்புளம் எழுந்த பிறகுதான் தெரியவரும், அது புண்ணாகி ஆறாமல் கிடக்கும்.

கண்ணைப் பற்றிய அலட்சியமும் அப்படிப்பட்டதே. அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாததால் இமை தானாக மூடிக்கொள்ளாது, விழித்திரைக்கு நேரும் சேதம் நிரந்தரமாகலாம். சிகிச்சையாளர், நோயாளி, கூட வந்த பிள்ளை என்று அந்த அறையில் இருக்கும் அனைவரும் அந்தக் கருவியின் அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியை அணிந்திருக்க வேண்டும். வெயில் கண்ணாடி இதற்கு ஈடாகாது.

உட்கொள்ளும் மருந்தை மறைக்காதீர்கள். எலிக் காய்ச்சலுக்குத் தரப்படும் டாக்ஸிசைக்ளின் தோலை ஒளிக்குக் கூச்சமுடையதாக்கும் மருந்துகளில் ஒன்று. கர்ப்பத்தையும் புற்றுநோய் வரலாற்றையும் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சற்றுத் தேறியவுடன் முழு வேலைக்குத் திரும்புவது, தோட்டத்தில் மிக எளிதாக நடந்துவிடும் தவறு. குலைக் கணக்குக்குக் கூலி வாங்குபவர் வலி குறைந்த முதல் நாளிலேயே நீண்ட கம்பைத் தூக்கிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் போய்விடுவார். உழைப்புக்குப் பின் மோசமாகும் சோர்வு உள்ளவர்களுக்கு அதன் விளைவு உடனே தெரியாது, மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுந்திருக்க முடியாமல் செய்யும். வலி அடங்கியதை உடம்பு தேறிவிட்டதாகக் கொள்ளாமல், லைட் டூட்டிக்குக் கடிதம் தரும்படி மருத்துவரிடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடைசியாகப் பணம். பல தவணைச் சிகிச்சைக்கு முன்கூட்டியே மொத்தப் பணம் கட்டாதீர்கள், ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள். மலேசியாவில் மருத்துவக் கருவிகள் 2012-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கினால், மருத்துவக் கருவி ஆணையத்தின் இணையப் பட்டியலில் வீட்டுப் பிள்ளைகளே அதைத் தேடிப் பார்த்துவிடலாம். கருவி எந்தப் பயன்பாட்டுக்கு உரியது என்று அதன் கையேட்டில் உள்ளதையும் படிக்கச் சொல்லுங்கள். தசைவலிக்கு உரிய கருவியைக் காட்டி மறதிக்கும் மூச்சிரைப்புக்கும் பணம் கேட்டால், கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.