இது யார் போட்ட பாதை? புதுச்சேரிப் பக்கம் காலாற நடக்க ஒரு செய்முறை

மேப்பில் இல்லாத பாதையில் இறங்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் போட்டது ஆளா, மாடா, மழைத்தண்ணீரா? மூன்றுமே பார்வைக்கு ஒற்றையடிப் பாதைதான். பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: பூங்காவில் பழகுங்கள். 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த தாவரவியல் பூங்கா இதற்குத் தோதான இடம். பெரிய நடைபாதையை விட்டுக் கிளை பிரியும் இடங்களைத் தேடுங்கள். புல் தேய்ந்து மண் தெரியும் கோடு, மரத்தடியில் சருகு தூளாகிக் கிடக்கும் தடம், இரண்டும் ஆள் நடமாட்டத்தின் அடையாளம். பாத்திக்குள் மட்டும் கால் வைக்காதீர்கள்.

படி 2: ஊசுடு ஏரிக்கரை. வழி தவறவே முடியாது. கால் பழக ஒரு நடை போய் வாருங்கள். பறவைகள் சரணாலயம் என்பதால் சத்தம் போடாமல் நடப்பது நல்லது.

படி 3: செம்மண் காடு. பொம்மையார்பாளையம் பக்கம் போனால்தான் விஷயமே ஆரம்பம். இந்தச் செம்மண் மழையில் எளிதாக அரிபடும். ஐப்பசி, கார்த்திகை மழை அறுத்த ஓடைகள் தை மாதம் காய்ந்ததும் அச்சு அசல் பாதையாகவே தெரியும். நம்பி இறங்கினால் ஆளுயரப் பள்ளத்தில் போய் நிற்பீர்கள்.

உட்கார்ந்து தரையைப் பாருங்கள். தண்ணீர் போன தடத்தில் மணல் தளர்வாகப் படிந்திருக்கும். சரளைக்கல் ஓரமாக ஒதுங்கியிருக்கும். சரிவு எங்கே அதிகமோ அங்கேயே இறங்கும். ஆள் நடந்த தடம் இறுகி வழவழப்பாக இருக்கும். மேட்டைச் சுற்றி வளைந்து போகும்.

அப்புறம் நிமிர்ந்து புதரைப் பாருங்கள். ஆடு மாடு போகும் வழியில் இடுப்புயரம் வரைதான் இடைவெளி. அதற்கு மேல் சூரைமுள் பின்னிக் கிடக்கும். முகத்துக்கு நேரே கிளை ஒடிந்தோ வெட்டியோ இருந்தால் அது மனிதர் வழி. எனக்கு இந்த ஒரு அடையாளத்தில்தான் அதிக நம்பிக்கை.

படி 4: திரும்பும் வழி. வண்டி நிறுத்திய இடத்தை போனில் குறித்துவிட்டு, மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் போனாலும் கவலை வேண்டாம்: இந்தப் பக்கம் கடல் எப்போதும் கிழக்கே. கிழக்கே நடந்தால் ஈசிஆர் சாலை வந்துவிடும், பள்ளம் குறுக்கிட்டால் சுற்றித்தான் போக வேண்டும். காலையில் கிளம்பி வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். தண்ணீர், ஷூ, கையில் ஒரு குச்சி கட்டாயம். கண்ணாடி விரியன் உள்ள பூமி இது, சருகுக்குள் பார்க்காமல் கால் வைக்க வேண்டாம்.

முந்திரித் தோப்பு குறுக்கிட்டால் கேட்காமல் நுழையாதீர்கள், காய்ப்புக் காலத்தில் காவல் இருக்கும். "அண்ணே, இந்த வழி எங்க போவுது?" என்று கேட்டால் போதும், நமக்குத் தெரியாத இரண்டு வழி சேர்த்துச் சொல்வார்கள். ஆரோவில் காடுகளிலும் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

கால் பழகியதும் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போகலாம். கோயில் காடு, ஒரு சுள்ளியும் ஒடிக்காதீர்கள். திருவிழா முடிந்த கையோடு போகவும் வேண்டாம்: கூட்டம் மிதித்ததில் எல்லாத் தடமும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்கும்.