மடியில் விலங்கு இருந்தாலே 'அன்பு' என்று முடித்துவிடாதீர்கள்

ஒரு பெண், அவள் கையணைப்பில் ஒரு சின்ன விலங்கு. இப்படி ஓர் ஓவியத்தைப் பார்த்ததும் "எவ்வளவு அன்பு!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். முதல் தவறே அதுதான். அந்தச் சொல் வாயில் வந்ததும் கண் வேலையை நிறுத்திவிடுகிறது.

லியோனார்டோ டா வின்சி 1490 வாக்கில் வரைந்த செசிலியா கல்லெரானியின் ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கையில் எர்மின், அதாவது கீரியைப் போல நீண்ட உடம்புள்ள ஒரு வெள்ளை விலங்கு. கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அவள் அதைப் பார்க்கவே இல்லை, அதுவும் அவளைப் பார்க்கவில்லை, யாரோ கூப்பிட்டதுபோல இருவரும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அவள் விரல்கள் மெதுவாக வருடுகின்றன. அதன் உடம்போ தசை முறுக்கேறி, நகம் தெரிய, எந்த நொடியும் தாவிவிடும்போல இருக்கிறது. எனக்கு அந்த வருடல் உண்மையாகப் படுவதே இந்த முறுக்கினால்தான். அதனால் முகத்தை அப்புறம் பாருங்கள். கை எங்கே படுகிறது, காது எப்படி நிற்கிறது, பார்வை எங்கே போகிறது என்பது முதலில்.

அடுத்து, அகராதி பார்ப்பதுபோல அர்த்தம் சொல்வது. எர்மின் என்றால் தூய்மை, சரி. ஆனால் அவளுடைய காதலரும் மிலானை ஆண்டவருமான லுடோவிகோ ஸ்ஃபோர்சாவை, நேப்பிள்ஸ் அரசர் 1488-ல் எர்மின் பெயரால் அமைந்த வீரர் குழுவில் சேர்த்திருந்தார். கிரேக்கத்தில் இந்த வகை விலங்குக்குப் பெயர் 'கலே'. அவள் குடும்பப் பெயரிலும் அந்த ஒலி கேட்கிறது. ஆக, அவள் அணைத்திருப்பது தன் தூய்மையையா, தன் பெயரையா, அவரையா? ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் போய்விடும்.

படம் எந்த மரபில் வந்தது என்று கேட்காமல் விடுவதும் உண்டு. வீணையோடு நிற்கும் பெண்ணைச் சுற்றி மான்கள் கூடும் ராகமாலா ஓவியத்தை (ராகங்களை ஆளாக உருவகித்துத் தீட்டும் இந்திய மரபு அது), மான் வளர்ப்பவள் என்றே பலர் படிக்கிறார்கள். அவள் தோடி ராகினி, ஒரு ராகத்தின் உருவம். காதலன் அருகில் இல்லாத நேரத்தில் அவள் மீட்ட, இசைக்கு மயங்கி மான்கள் வருகின்றன. தலைவி நாரையிடம் தன் துயரம் சொல்லும் பழைய பாட்டுகளைப் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: மான் நெருங்க நெருங்க, வராதவனின் இடம் பெரிதாகிறது.

இன்னொன்று, கண்ணில் படுவதெல்லாம் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது என்று நம்புவது. இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்த ஒரு பெண்ணின் மடியில் இன்று ஒற்றைக்கொம்புக் குதிரைக்குட்டி இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தபோது அடியில் தெரிந்தது ஒரு நாய்க்குட்டி. பிற்காலத்தில் யாரோ அந்த விலங்கின்மேல் சக்கரமும் மேலங்கியும் தீட்டி, சக்கரத்தை அடையாளமாகக் கொண்ட கிறிஸ்தவப் புனிதரான கேத்தரினாக அவளை மாற்றியிருந்தார்கள். 1930-களில் அந்தப் பூச்சை நீக்கும்வரை, பார்த்தவர்களுக்கு அங்கே விலங்கே கிடையாது.